பால்பவுடர் டின்னில் வந்த கை

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியை மூங்கில்குறிச்சியில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்ததில்லை. வாசலில் கோணிப்பை விரித்துப் பெட்டியை நடுவில் வைக்க வேண்டும், தெரு முழுக்கக் கூட வேண்டும், கூடியவர்களுக்குக் கலர் சோடா கொடுக்க வேண்டும், போய்ச் சம்பாதித்தவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும், போகாமல் இருந்து குடும்பத்தைக் காத்தவர்தான் கயிற்றை அறுத்து, ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டி, இது யாருக்கு, இது யாருக்கு என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படிப் பெட்டியிலிருந்து வந்தால்தான் அது வெளிநாட்டுச் சாமான். கைப்பையிலிருந்தோ மடியிலிருந்தோ எடுத்துக் கொடுத்தால், அது தங்கக்கட்டியாகவே இருந்தாலும், டவுன் கடைவீதியில் வாங்கியது என்றுதான் ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அமலோற்பவம் அந்தத் தப்பைச் செய்தாள்.

அவள் குவைத்துக்குப் போன வருஷம், புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போய், ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் புரளாமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முழி பிதுங்கி நின்றபோது, அக்கா சந்தனமேரி கழுத்திலிருந்த தாலிச் செயினைக் கழற்றி, சிலுவை பொறித்த தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, செயினைத் தங்கையின் கையில் வைத்து மூடினாள். "நீ போயிட்டு வாடி. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்றாள். பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் வளர்ந்தன, கயிறு நைந்தது, புதுக் கயிறு கட்டினாள், அதுவும் நைந்தது, கல்யாண வீடுகளில் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள், யாராவது கேட்டால் செயின் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறது என்று சொன்னாள், அத்தனை வருஷமாக எந்த ஆசாரி பாலிஷ் போடுகிறான் என்று ஊரார் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அமலோற்பவம் அங்கே அடுத்தவர் வீட்டுக் கக்கூசைக் கழுவி, அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டி, கடைசியில் ஒரு கோதுமைச் செயின் வாங்கினாள். கழுத்தில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். ஆனால் தெருவே பார்க்க, அக்கா தன் கையால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, இது யாருக்கு என்று கேட்க வேண்டும், "உனக்குத்தான்க்கா" என்று தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. செயினை பில்லோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பால்பவுடர் டின்னுக்குள் புதைத்து, மூடியை டேப் போட்டு ஒட்டி, டின்னைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் ஜிப்புக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு மேல் நைலான் கயிறு கட்டி, கயிற்றுக்கு மேல் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, தான் வந்த விமானத்திலேயே ஏற்றிவிட்டாள். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

பெட்டி வந்தது. தெரு கூடியது. சந்தனமேரி அரிவாள்மனையால் கயிற்றை அறுத்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சோப்பு வந்தது, சென்ட் வந்தது, தலைவலித் தைலம் வந்தது, அக்கா புருஷன் சவரிமுத்துவுக்கு டார்ச் லைட் வந்தது, எதிர்வீட்டு பெர்னதத்தம்மாளுக்கு நைட்டி வந்தது. கடைசியில் டின் வந்தது. டேப் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. "அதுக்குள்ள கைய விட்டுப் பாருக்கா" என்றாள் அமலோற்பவம், சிரிப்பை அடக்க முடியாமல். சந்தனமேரி முழங்கை வரை விட்டுத் துழாவி, எதையோ பிடித்து, இல்லை, எதுவோ அவளைப் பிடிக்க, மெல்ல வெளியே இழுத்தாள். மாவு உதிர உதிர ஒரு ஆம்பளையின் வலது கை வெளியே வந்தது. மணிக்கட்டோடு, வெட்டிய வாழைத்தண்டைப் போல வழுவழுப்பாக முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. கதகதப்பாக இருந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது, நகக்கண்ணில் மசி அப்பியிருந்தது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நீலப் பேனா இருந்தது.

சந்தனமேரி அதை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். "அமலு, இது யாருக்குடி?" என்று முறைப்படி கேட்டாள்.

அமலோற்பவம் டின்னைப் பிடுங்கிக் கோணிப்பையில் கவிழ்த்தாள். மாவுதான் கொட்டியது. மாவைக் கையால் அளைந்தாள், சலித்தாள், மறுபடி அளைந்தாள். செயினும் இல்லை, பில்லும் இல்லை. அவள் வாயிலிருந்து வந்த சத்தத்துக்குத் தெருநாய்கள் எழுந்து ஓடின.

அதன்பிறகு நடந்ததுதான் அமலோற்பவத்துக்குப் பொறுக்கவில்லை. கை வந்ததுகூட அவளுக்கு அதிசயமாக இல்லை, எடுக்கிற கை எங்கேயாவது ஒரு நாள் மாட்டத்தானே வேண்டும். ஆனால் ஊர் அந்தக் கையைக் கொண்டாடியது. முதல் நாள், அடக்கம் பண்ணலாமா என்று பங்குச்சாமியாரிடம் கேட்டார்கள். அவர் கையின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிற ஆளை அடக்கம் பண்ணச் சபையில் வழியில்லை என்று சொல்லி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். மறுநாள், தோல் காய்கிறதே பாவம் என்று பெர்னதத்தம்மாள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அதற்கடுத்த நாள் அவளுடைய ஊறுகாய் ஜாடி மூடி இறுகிக்கொள்ள, கை ஒரு திருகில் திறந்து கொடுத்தது. அவ்வளவுதான், சாவி தொலைந்த பீரோக்காரர், ஜிப் சிக்கிய பைக்காரர், துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்காரர் என்று வரிசை கட்டினார்கள். கை எல்லாவற்றையும் திறந்தது. காபிரியேல் பரோட்டாக் கடையில் மாவை அடித்தது, மரத்தடியில் கேரம் ஆடிச் சிவப்புக் காயைப் போட்டது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் குலுக்கிக் குலுக்கிக் குட்மார்னிங் சொன்னது, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மணியடித்தது. கறுப்புக் கயிற்றை யாரும் அறுக்கவில்லை, அது கும்பிடுகிற சாமி அதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஊரில் அதற்குத் தம்பி என்று பெயர் விழுந்தது. "தம்பி சாப்பிடாது, குடிக்காது, காசு கேக்காது. இந்த மாதிரி ஒரு ஆம்பள நம்ம ஊர்ல பொறந்திருக்கானா?" என்று பெர்னதத்தம்மாள் கேட்டாள். கூடியிருந்த பெண்கள் ஒத்துக்கொண்டார்கள்.

"அது திருட்டுக் கை!" என்று அமலோற்பவம் கத்தினாள். "எங்க அக்கா செயினத் தூக்குன கை! அதுக்கு எண்ணெ தடவுறீங்களே, வெக்கமா இல்ல?"

"செயினு இருந்திச்சுன்னு நீ சொல்ற" என்றாள் பெர்னதத்தம்மாள், பக்குவமாகத்தான். "நாங்க பாத்தது கையத்தானே ஆத்தா. பூட்டு வேற பூட்டுன மேனிக்கு இருந்திச்சு."

சரி, காட்டுகிறேன் என்று அமலோற்பவம் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஜிப்பை இழுத்துப் பூட்டைப் போட்டாள். கையை மேலே வைத்து, அதன் விரலிடுக்கில் அந்த நீலப் பேனாவைச் செருகினாள். கை கொஞ்சம் கூச்சப்பட்டது, பிறகு பழக்கம் விடவில்லை. பேனா முனையால் ஜிப்பின் நடுவில் ஒரு குத்துக் குத்தியது, பல் விலகியது, ஜிப் வாயைப் பிளந்தது. உள்ளே புகுந்து துழாவியது, வெளியே வந்தது, பூட்டோடு சேர்த்து ஜிப் முனையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு இழுப்பு இழுத்தது, பிளந்த வாய் மூடிக்கொண்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. "பாத்தீங்களா? இப்பிடித்தான் எடுத்திருக்கான்!" என்று அவள் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் வாயைப் பிளந்து நின்றுவிட்டு, கைதட்டியது. "இன்னொருவாட்டி செய்யச் சொல்லு!" என்று சவரிமுத்துவே கேட்டார். திருவிழாவில் மேடை போட்டு இதை வைக்கலாம் என்று காபிரியேல் சொன்னார். அமலோற்பவத்துக்கு அந்த ஊரையே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிக் கிணற்றில் தள்ளலாம் போலிருந்தது.

இதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். ஒரு மத்தியானம் அக்காவும் தங்கையும் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தனமேரி தலை நிமிராமல், வெகு நேரமாக வாயில் வைத்து மென்றுகொண்டிருந்ததைத் துப்புகிற மாதிரி கேட்டாள். "அமலு, கோவிச்சுக்காத. செயினு நெசமாவே எடுத்தியா?"

அமலோற்பவம் கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"எடுக்கலன்னாலும் பரவாயில்லடி" என்றாள் அக்கா, அவசரமாக, அன்பாக. "அங்க என்ன கஷ்டமோ, ஒனக்குத்தான தெரியும். எனக்கு இந்தக் கயிறு பழகிப்போச்சு. பரவாயில்ல."

அமலோற்பவம் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறாள். எஜமானியிடம், ஏஜெண்டிடம், எம்பசி வாசலில் நின்ற காவலாளியிடம். எதுவும் இந்தப் பரவாயில்லையைப் போல உள்ளே இறங்கி அறுத்ததில்லை. செயினைத் திருடியவன் செயினோடு நிற்கவில்லை, அவள் வார்த்தையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். எழுந்தாள். கேரம் பலகையிலிருந்து கையைப் பறித்தாள், ஆட்டம் பாதியில் நிற்கிறது என்று யாரோ முறையிட்டதைக் காதில் வாங்கவில்லை, கையைத் தூக்குவாளியில் போட்டு மூடினாள், காலிப் பெட்டியையும் அறுந்த கயிற்றையும் எடுத்துக்கொண்டு, காபிரியேலின் பரோட்டாக் கடை வேனில் வாடகை பேசாமலே ஏறி உட்கார்ந்து, "ஏர்போர்ட்டுக்கு விடுங்க" என்றாள்.

விமான நிலையத்தில் தூக்குவாளியை மெஷினுக்குள் விட்டுப் பார்த்த காவலர், "சாப்பாடா?" என்று கேட்டார். "கை" என்றாள். "சரி, தண்ணி பாட்டில் இருந்தா குடிச்சுக் காட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினார். உள்ளே போனதும் அவள் பார்த்தது, அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார்கள். பெட்டி தூக்குகிறவர்கள், டிக்கெட் கிழிக்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், எல்லோரும். விமானக் கம்பெனியின் கவுன்டரில் கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதிகாரியும் மாட்டியிருந்தார். இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"விலை ஒசந்த பொருளைப் பெட்டியில வைக்கக் கூடாதுன்னு டிக்கெட்லயே போட்டிருக்கே மேடம், படிக்கலையா?"

"திருடக் கூடாதுன்னு எதுல சார் போட்டிருக்கு? நீங்க படிக்கலையா?"

அவர் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் போல, பெட்டி குவைத்தில் ஏறியது, நடுவில் ஒரு ஊரில் மாறியது, இங்கே இறங்கியது, எங்கே காணாமல் போனது என்று யார் கண்டது, அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் இங்கே கேட்கச் சொல்வார்கள், இங்கே கேட்டால் நாங்கள் அங்கே கேட்கச் சொல்வோம் என்று நிதானமாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அமலோற்பவம் தூக்குவாளியைத் திறந்து கையை அவர் மேஜைமேல் வைத்தாள். அவர் துளியும் திடுக்கிடவில்லை. உற்றுப் பார்த்தார். "இது உங்க பெட்டியில வந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "கொறஞ்ச பொருளுக்கு நான் கம்ப்ளைண்ட் எடுக்க முடியாது மேடம். கூடுதலா வந்ததுக்கு எடுத்துக்கலாம். ஆனா இதுக்கும் எடை இருக்கு பாருங்க. எக்ஸ்ட்ரா லக்கேஜ் சார்ஜ் கட்டிருங்க."

அவரை அடித்துவிடுவோமோ என்று அமலோற்பவத்துக்கே பயமாகிவிட்டது. கையை அள்ளிக்கொண்டு, காலிப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு, பெட்டிகள் சுற்றி வரும் இடத்தைப் பார்த்து நடந்தாள். அங்கே பயணிகளைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது, ஆனால் அவ்வளவு கோபத்தோடு நடந்து வருகிறவளைக் குறுக்கே நின்று மறிக்க ஒருவரும் துணியவில்லை. கறுப்பு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கையை அதன்மேல் வைத்தாள்.

"போ" என்றாள். "ஒன் ஆளக் கூட்டிட்டு வா. வரலன்னா ஒன்ன இங்கேயே சுத்த விட்டுட்டுப் போயிருவேன்."

கை சுற்றிக்கொண்டு போனது. பெட்டிக்காகக் காத்திருந்தவர்கள் அதைத் தங்களுடையதா என்று குனிந்து பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். ஒரு அம்மாள், பேர் ஒட்டாமல் அனுப்பினால் இப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு கை உள்ளே போய் மறைந்தது. வெறும் பெல்ட் ஓடியது. பிறகு திரைக்குப் பின்னால் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது, திரை விலகியது, கை திரும்பி வந்தது. ஒல்லியான ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து, குப்புறப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. அமலோற்பவம் அவன் வலது கையுறையைப் பிடித்து உருவினாள். உள்ளே வெறும் பஞ்சு. சுற்றிலும் நின்ற சீருடைக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். தூரத்துக் கவுன்டரில் அதிகாரியும் விட்டுக்கொண்டார்.

அவன் பெயர் மதியரசு. காண்ட்ராக்ட்டில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். பெல்ட்டில் உட்கார்ந்தபடியே அழுதான், மூக்கைத் துடைக்க வலது கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டான். செயினை எடுத்த பிறகு, இன்னும் ஏதாவது இருக்குமா என்று மறுபடி விட்ட கைதான் டின்னோடு நின்றுவிட்டது என்றான். செயினை விற்றுவிட்டான், விற்றதை உருக்கிவிட்டார்கள். மூணு மாசமாகச் சம்பளம் வரவில்லை, எல்லோரும் எடுக்கிறார்கள், எடுக்காதவனை அங்கே பைத்தியக்காரன் என்பார்கள் என்று சொன்னான். "பெட்டிதானேக்கா எங்களுக்குத் தெரியும். நாள் பூரா பெட்டி பெட்டி பெட்டி. ஆளு யாரும் கண்ணுலயே படமாட்டாங்க."

"பெட்டிக்குள்ளதாண்டா நாங்க இருக்கோம்!" என்று அமலோற்பவம் போட்ட சத்தத்தில் பெல்ட் நின்றுவிட்டது. அவனை அடிக்கவில்லை. அடித்தால் அதோடு தீர்ந்துபோகும், தீர்க்க அவளுக்கு விருப்பமில்லை. "ஊருக்கு வா. எடுத்தேன்னு எங்க அக்கா முன்னாடி சொல்லு. சொன்னாத்தான் ஒனக்குக் கை."

"பஸ்ஸ புடிச்சு வந்துர்றேன்க்கா."

"பஸ்ஸுல வந்தா எங்க ஊரு நம்பாது. காசு குடுத்துக் கூட்டியாந்த ஆளும்பாங்க" என்றாள். பெட்டியைத் திறந்து வைத்தாள். "இதுல ஏறு."

அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஏறினான். ஒல்லி ஆள், மடங்கிப் படுத்தான். அவள் ஜிப்பை இழுத்தாள், பூட்டினாள், கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினாள், மேலே அக்காவின் பெயரை எழுதினாள். மூச்சுக்கு ஜிப்பில் இரண்டு விரற்கடை விட்டாள். வேனில் ஏற்றும்போது காபிரியேல், கனமாக இருக்கிறதே, என்ன என்று கேட்டார். "வெளிநாட்டுச் சாமான்" என்றாள்.

மூங்கில்குறிச்சியில் வாசலில் கோணிப்பை விரித்தாகிவிட்டது. தெரு கூடியது. இரண்டாம் பெட்டி என்பதால் கூட்டம் கூடுதலாகவே இருந்தது, தனக்கு ஒரு நைட்டி போதாது என்று நினைத்த பெர்னதத்தம்மாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். சந்தனமேரி தயங்கித் தயங்கிக் கயிற்றை அறுத்தாள். ஜிப்பை இழுத்தாள். மதியரசு எழுந்து, முதுகை நிமிர்த்தி, கோணிப்பையில் முட்டி போட்டான். யாரும் கேட்கும் முன்னே, "நாந்தான் எடுத்தேன்" என்றான். "டின்னுக்குள்ளேருந்து. பேனாவால ஜிப்பக் குத்தித் தெறந்து எடுத்தேன்."

பெர்னதத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சந்தனமேரி மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவான குரலில் கேட்டாள். "எந்த மாதிரி செயினுப்பா அது?"

"கோதும செயினும்மா. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நெருக்கமாப் பின்னியிருக்கும். எஸ் கொக்கி. கொக்கிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வளையம், அதுல சிலுவ போட்டிருந்திச்சு." அவன் இல்லாத கையால் காட்டப் பார்த்து, இருக்கிற கைக்கு மாறினான். "நீளம் இந்தா, இது வரைக்கும். கவருலேருந்து எடுத்தப்ப பவுடரு ஒட்டி வெள்ளையா இருந்திச்சு. தொடச்சேன். பளபளன்னு இருந்திச்சும்மா. புதுசு."

அவன் சொல்லச் சொல்ல சந்தனமேரியின் விரல்கள் தன் கழுத்தில் மஞ்சள் கயிற்றோரமாக ஊர்ந்தன, கொக்கி இருக்கும் இடத்தில் ஒரு கணம் நின்றன, நெஞ்சு வரை இறங்கின. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள். அவன் அத்தோடு நிறுத்தியிருந்தால், கையை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முன்னாடியே போயிருப்பான். ஆனால் ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்து அந்த மடையன் இன்னொன்று சொன்னான்.

"ரொம்ப வருத்தப்படாதீங்கம்மா. அப்பிடி ஒண்ணும் பெரிய செயினு இல்ல. நாங்க எடுத்ததுலயே அதுதான் மெல்லிசு."

சந்தனமேரி கண்ணைத் திறந்தாள்.

அந்த ஊரில் அவள் குரலை உயர்த்திக் கேட்டவர்கள் யாருமில்லை. பிள்ளை வலியிலும் கத்தாதவள், புருஷனை வா போ என்று பேசாதவள், யாருக்கும் பரவாயில்லை, எதற்கும் பரவாயில்லை என்று காலத்தை ஓட்டியவள். அவள் எழுந்த வேகத்தில் கலர் சோடா பாட்டில்கள் சாய்ந்து உருண்டன.

"மெல்லிசா? எதுடா மெல்லிசு? என் தங்கச்சி பீ அள்ளி, மூத்திரம் அள்ளி, பெத்த புள்ள மூஞ்சியப் பாக்காம, வயசுக்கு வந்த மகளுக்குத் தண்ணி ஊத்தக்கூட வராம, கெடையாக் கெடந்து எனக்குன்னு எடுத்த செயினு ஒனக்கு மெல்லிசா? நீ எடை போடுவியா? ஒங்கொப்பன் போடுவானா? சொல்றா! எடுத்துட்டு எடை வேற சொல்றியா, நாதாரி!"

சவரிமுத்து எழுந்து சமாதானம் சொல்ல வந்தார். "நீங்க உக்காருங்க. இன்னொருவாட்டி செய்யச் சொல்லுன்னு கேட்ட ஆளுதான நீங்க?" என்றாள். அவர் உட்கார்ந்தார். பெர்னதத்தம்மாள் நழுவப் பார்த்தாள். அவளுக்கும் கிடைத்தது, எண்ணெய்க் கிண்ணத்தோடு சேர்த்துக் கிடைத்தது. காபிரியேலுக்குக் கிடைத்தது. பாலிஷ் போடக் கொடுத்த செயினைச் சொல்லிச் சிரித்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கிடைத்தது. பிறகு அவள் மறுபடி மதியரசிடம் திரும்பினாள். அவன் எழுந்திருக்கலாமா என்று கேட்டான், கூடாது என்றாள்.

அமலோற்பவம் அக்காவைத் தடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, வாசலில் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, அக்கா திட்டி முடிக்கும் வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.